பொத்தானுக்கு மேலே இருந்த சிவப்பு எழுத்து

"எழுத்து அழிஞ்சால் அழிஞ்சதுதான் மச்சான். அதுதான் அந்தச் செற்றின்ர வயசு. அதுக்கு மேல நீ புதுசா அடிக்கிறது பொய்." கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் பள்ளிக்கூட நண்பன், வேலைமேசையில் கிடந்த கசெற் றேடியோவின் முகப்பைத் தடவிக்கொண்டே இப்படிச் சொன்னான். பழைய செற்றுகளின் முகப்பில் அழிந்துபோன எழுத்துகளைத் திருப்பி அடிப்பது என் வேலை. பழம்பொருட்களில் அவனுக்கு உண்மையான ஈடுபாடு உண்டு. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. பிளே என்ற சொல் தேய்ந்திருக்கிறதென்றால் அந்த வீட்டில் யாரோ ஒருவரின் பெருவிரல் அதை வருடக்கணக்காகத் தேய்த்திருக்கிறது, அந்த விரலின் வேலையை மூட உனக்கென்ன உரிமை என்பது அவன் கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவன் சொன்னதில் பாதி சரி என்பதால்தான் அது என்னை விடவில்லை. முழுக்கப் பிழையான ஒரு கருத்து இப்படிக் கூடவே திரியாது.

பழைய செற்றுகளைத் திருத்துகிறவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெல்ற் மாற்றுவார்கள், ஹெட் துடைப்பார்கள், வொலியூமில் வரும் கரகரப்பை எடுப்பார்கள். பாட்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது. முகப்பில் எழுத்து இருக்கிறதா இல்லையா என்று யாரும் மினக்கெடுவதில்லை. நான் இந்த வேலைக்குள் வந்ததே அந்த எழுத்துகளுக்காகத்தான். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் ஜப்பானிலிருந்து வந்த அந்தச் செற்றுகளின் முகப்பை எடுத்துப் பாருங்கள். கறுப்புப் பட்டையில் வெள்ளியில் இழுத்த மெல்லிய கோடுகள், மீற்றருக்கு ஒன்றும் மெகா ஹேட்ஸுக்கு ஒன்றுமாக இலக்க வரிசைகள், மூலையில் ஸ்ரீரியோ என்ற சொல். அரிசி நுனி அளவு எழுத்தும் ஓரம் பிசகாமல் நிற்கும். யாரோ ஒருவர் மேசையில் குனிந்திருந்து வரைந்த வேலை அது. அதை வெறும் அலங்காரமாக என்னால் ஒருபோதும் பார்க்க முடிந்ததில்லை.

எழுத்து எப்படிப் போகிறது

திருகோணமலையில் எந்த வீட்டிலிருந்தும் கடல் தூரமில்லை. உப்புக்காற்று இரும்பைத் தின்னும், பற்றறிப் பெட்டியின் கம்பிச்சுருளைத் தின்னும். ஆனால் நான் கண்ட அளவில் எழுத்தை அதிகம் தின்றது உப்பும் இல்லை, விரலும் இல்லை, துடைத்த துணிதான். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் வீடு துப்புரவாக்கும்போது செற்றும் அகப்படும். தண்ணீருக்குப் போகாத எண்ணெய்ப் பிசுக்குக்கு ஸ்பிரிற், அதுக்கும் போகாவிட்டால் தின்னர். தின்னர் எழுத்தோடு நிற்பதில்லை, பிளாஸ்ரிக்கையும் இளக்கிவிடும். பிறகு அந்த இடத்தில் விரல் வைத்தால் சொரசொரப்புத் தெரியும், அதைத் திருப்பவே முடியாது.

எழுத்து எந்த முறையில் அடிக்கப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் அதை மீட்கும் வழியும். தட்டையான முகப்பில் இருப்பவை பெரும்பாலும் சில்க் ஸ்கிரீனில், அதாவது இழைத் திரையூடாக மை இறக்கி, அடித்தவை. வளைந்த பொத்தானிலும் குமிழிலும் இருப்பவை மெதுமையான சிலிக்கன் திண்டில் மையை ஒற்றியெடுத்துப் பதித்தவை. கம்பனிப் பெயர் சில செற்றுகளில் சூட்டால் ஒட்டிய வெள்ளித் தாளாக இருக்கும். எல்லாவற்றிலும் சுகமானது பள்ளமாகக் குழிந்த எழுத்து. பள்ளத்துக்குள் எனமல் பெயின்ற்றை விட்டு, மேலே வழிந்ததை மட்டையில் சுற்றிய துணியால் ஒரே இழுப்பாக வழித்துவிட்டால் எழுத்து எழுந்து நிற்கும். மட்டையில் சுற்றுவது ஏனென்றால், விரலால் துடைத்தால் துணி பள்ளத்துக்குள் இறங்கி உள்ளே இருப்பதையும் எடுத்துவிடும்.

டயல் கண்ணாடி என்று நாங்கள் சொல்வது அநேகமாகக் கண்ணாடியே இல்லை, தெளிந்த பிளாஸ்ரிக். இலக்கங்கள் அதன் உட்பக்கத்தில் இருக்கும். விரல் படாத இடம் என்பதால் முகப்பு முழுக்க அழிந்த செற்றிலும் டயல் புதிது போல இருக்கும். ஆனால் செற்றைக் கழற்றுகிற யாராவது உள்பக்கத் தூசியை ஸ்பிரிற் துணியால் ஒருமுறை இழுத்தால் போதும், மொத்த இலக்கமும் துணியோடு வந்துவிடும். அப்படி வெறுமையாகிப் போன டயல்கள் என்னிடம் வந்திருக்கின்றன. இதை வாசிக்கிற யாராவது செற்றைத் திறக்கப் போகிறீர்களென்றால், டயலின் உட்பக்கத்தை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், அதற்கு மேல் தொடாதீர்கள்.

மிச்சமிருப்பதை வாசிப்பது

எழுத்து போனாலும் அது இருந்த இடம் அநேகமாகப் போவதில்லை. அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றை முகப்போடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தால், மை இருந்த இடத்தின் மினுக்கம் மற்ற இடத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும். வெளிர்நிற முகப்பில் இன்னும் தெளிவு. வருடக்கணக்கான வெளிச்சத்தில் பிளாஸ்ரிக் மஞ்சளாகியிருக்கும், மை மூடியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கும். அந்த நிழலைப் பல கோணங்களில் படமெடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கோடு கோடாக வரைந்தெடுக்கிறேன். இங்கே சிலர் அவசரப்பட்டு ஹெல்வெற்றிக்கா என்ற கணினி எழுத்துருவைப் போட்டுவிடுகிறார்கள். தூரத்தில் பார்த்தால் சரிபோல இருக்கும். கிட்டப் போனால் ஆர் எழுத்தின் கால் வேறு, ஒன்று என்ற இலக்கத்தின் கொக்கி வேறு. பழைய எழுத்து ஓரிடத்தில் கொஞ்சம் சரிந்திருந்தால் அந்தச் சரிவோடேயே வரைய வேண்டும். திருத்தி அழகாக்குவது என் வேலை இல்லை.

அடிப்பதற்குக் கலியாணக் காட் அடிக்கும் ஒரு தம்பியிடம் போகிறேன். கோயில் திருவிழாப் பை, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிச் சட்டை எல்லாம் அவர் கையில்தான். முதலில் என் படத்தைக் கண்டபோதே, "அண்ண, இது பை அடிக்கிற துணியில நிக்காது" என்றார். துணிப்பைக்குப் பாவிக்கும் ஸ்கிரீனில் ஒரு சென்ரிமீற்றருக்கு நாற்பது ஐம்பது இழை இருக்கும். இந்தக் குறுணி எழுத்துக்கு 120 வேண்டும். அதற்குக் குறைந்தால் எழுத்தின் ஓரம் பல்லுப் பல்லாக வரும். ஸ்கிரீனில் பூசிய மருந்து வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகிவிடும். பிலிமில் உள்ள கறுப்பு எழுத்து மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கழுவுப்பட்டுத் திறக்கும். அதனூடாகத்தான் மை இறங்க வேண்டும். மை பிளாஸ்ரிக்குக்கு உரியதாக இருக்க வேண்டும், நிறம் வெள்ளை என்று நாங்கள் நினைக்கிற வெள்ளையாக இருக்கக் கூடாது. டப்பாவிலிருந்து எடுத்த வெள்ளையை நாற்பது வயது முகப்பில் அடித்தால் அது மட்டும் தனியாகக் கத்தும். சொட்டு மஞ்சளும் அதைவிடக் குறைவாகக் கறுப்பும் கலந்து, அழியாமல் மிச்சமிருக்கும் ஓர் எழுத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நிறத்தை நிறுத்துவோம். இருவருக்கும் சம்மதமாகும்வரை அந்தத் தம்பி அச்சடிக்கத் தொடங்கியதில்லை. அவருடைய பொறுமைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மேலே பூசும் மெல்லிய வார்னிஷுக்கு எங்கள் ஊரில் காலம் பார்க்க வேண்டும். மாரியில் அடித்தால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துப் பால் தெளித்தது போல வெளிறிவிடும். வைகாசிக்குப் பிறகு கச்சான் என்ற காய்ந்த காற்று வீசும் நாட்களில் அதே வார்னிஷ் கண்ணாடியாகக் காயும். ஆகவே மாரி முழுக்க வரைவது, கச்சானுக்கு அடிப்பது என்று வைத்திருக்கிறேன்.

இலக்கம் இல்லாத டயல்

வெறுமையாகிப் போன டயலுக்கு நிழலும் உதவாது, ஏனென்றால் தெளிந்த பிளாஸ்ரிக்கில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. அளவுகோல் வைத்துச் சமமாகப் பிரிக்கவும் முடியாது. மத்திய அலையில் 600 கிலோ ஹேட்ஸுக்கும் 700க்கும் இடையில் உள்ள தூரம் 1400க்கும் 1500க்கும் இடையில் இருக்காது, மேலே போகப் போக இலக்கங்கள் நெருங்கும். இலக்கத்தை அந்தச் செற்றிடமே கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. இந்தச் செற்றுகள் அநேகமாக எல்லாம், எந்த இடத்தில் நிற்கின்றனவோ அதற்கு 455 கிலோ ஹேட்ஸ் மேலே தமக்குள் ஓர் அலையை உண்டாக்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இலக்கம் காட்டும் சின்ன றேடியோ ஒன்றை வைத்து மெல்ல நகர்த்தினால், ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கும். அதுதான் பழைய செற்றின் அலை. சின்ன றேடியோ 1055 காட்டினால் பழையதின் ஊசி 600இல் நிற்கிறது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. 1250க்கு மேலே இது எட்டாது, சின்ன றேடியோவின் மத்திய அலை 1700 அளவில் முடிந்துவிடும். அங்கே வேலையைத் திருப்பிப் போட வேண்டும். டயல் பழுதில்லாத இன்னொரு பழைய செற்றை 1045இல் நிறுத்தினால் அதன் அலை 1500இல் விழும், இலக்கமில்லாத செற் அதைப் பிடிக்கும். பிறகு இரவில் உண்மையான நிலையங்களை வைத்துச் சரிபார்ப்பேன். திருச்சி 936, தூத்துக்குடி 1053. இரண்டும் பென்சில் கோட்டோடு பொருந்தினால்தான் படம் அச்சுக்குப் போகும்.

முன்பென்றால் மேல் பக்கத்துக்கும் எங்களுக்குச் சொந்தமாக ஓர் அடையாளம் இருந்தது. ஜேர்மன் வானொலியான டொய்ச்ச வெல்லே திருகோணமலையில் மறு ஒலிபரப்பு நிலையம் வைத்திருந்த காலத்தில் 1548 கிலோ ஹேட்ஸில் இங்கிருந்தே ஒலிபரப்பியது. 2013இல் அந்த நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. உலகத்தின் சத்தத்தை வாங்கி ஆசியாவுக்கு அனுப்பிய ஊரில் இருந்துகொண்டு ஒரு டயலின் இலக்கத்தைச் சரியான இடத்தில் வைக்காமல் விடுவது எனக்கு மனம் ஒப்பாது.

கிண்ணியாவிலிருந்து வந்த செற்

நண்பனின் கேள்விக்கான பதிலை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து ஒரு ராத்தா (அக்கா) மகனோடு வந்து, துவாயில் சுற்றிய செற் ஒன்றை மேசையில் வைத்தார். அவருடைய வாப்பா எண்பதுகளில் சவூதியில் வேலை செய்தவர். விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த செற் அது. கிண்ணியாப் பாலம் 2009இல்தானே திறந்தது, அந்தக் காலத்தில் பாதை என்கிற மிதவையில் ஏற்றித் துறையைக் கடத்தி வீட்டுக்குக் கொண்டுபோனார்களாம். அவருடைய உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆகவே வாப்பா கடிதம் எழுதுவதில்லை, கசெற்றில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புவார். "கடிதமெண்டா அடுத்த ஊட்டுல குடுத்து வாசிக்கணும் தம்பி. இதெண்டா உம்மா அறையச் சாத்திட்டுத் தனியக் கேப்பா" என்றார் ராத்தா. அந்தக் கசெற்றுகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

செற் வேலை செய்தது. பெல்ற்கூட ஏற்கெனவே யாரோ மாற்றியிருந்தார்கள். பொத்தான்களுக்கு மேலே இருந்த பட்டையில் ஓர் எழுத்தும் இல்லை. இடது ஓரப் பொத்தானுக்கு மேலே சிவப்பில் இருந்திருக்க வேண்டிய ரெக் (ஒலிப்பதிவு) என்ற எழுத்தும் அதன் சிவப்புப் புள்ளியும் மற்றவற்றுக்கு முன்பே போயிருக்கும். வெயில் படும் இடத்தில் சிவப்பு மை அதிக நாள் நிற்பதில்லை. அவர்கள் வீட்டில் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை, எது எதற்கென்று எல்லாருடைய விரலுக்கும் தெரியும். வாப்பாவின் பேரனுக்குத் தெரியாது. மூத்தவாப்பாவின் (தாத்தாவின்) குரலைக் கேட்கப் போகிறேன் என்று பிள்ளை கசெற்றைப் போட்டு, ஓரத்தில் இருந்த பொத்தானை அமத்தியிருக்கிறான். அந்தச் செற்றில் ரெக்கை அமத்தினால் பிளேயும் கூடவே இறங்கும். ரேப் ஓடியது, சத்தம் வரவில்லை. செற் பழுது என்று நினைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தக் கசெற்றை என் மேசையில் போட்டுக் கேட்டேன். வாப்பா ஸலாம் சொல்லி, பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சுகம் விசாரிக்கத் தொடங்குகிறார். மூன்றாவது பெயரின் நடுவில் டக்கென்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு சீலிங் ஃபேன் சுற்றுகிறது. தூரத்தில் முச்சக்கரவண்டி ஒன்று போகிறது. முகப்பில் இருக்கும் மைக் எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. பிறகு மிகக் கிட்டத்தில் பிள்ளையின் குரல்: "ஒண்டும் கேக்குதில்லியே உம்மம்மா." ராத்தா என் எதிரில் கதிரையில் இருந்தார். அந்த மூன்றாவது பெயர் அவருடையது. 

"புள்ளையக் குத்தம் செல்ல ஏலா. எழுத்து இருந்திருந்தா அவன் வாசிச்சிருப்பான், அவனுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே" என்றார். வேறெதுவும் செய்ய வேண்டாம், எழுத்தை மட்டும் போட்டுத் தாருங்கள் என்பதுதான் அவர் கேட்டது. மிச்சமிருந்த குரலைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். கசெற்றின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லையும் அவர் கண்முன்னாலேயே உடைத்தேன். ஒரு பல்லு ஒரு பக்கத்துக்கு. அது இல்லாத கசெற்றில் ரெக் பொத்தான் இறங்காது. உங்கள் வீட்டில் குரல் பதிந்த கசெற் இருந்தால், இதை வாசித்து முடிக்க முன்பே போய் அந்தப் பல்லுகளை உடைத்துவிடுங்கள்.

யாருக்காக எழுத்து

அதற்குப் பிறகு நண்பனின் வாதம் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. எழுத்தைத் தேய்த்த விரலுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. தேவைப்படாததால்தான் அது தேய்ந்தபோது யாரும் கவனிக்கவில்லை. அந்த விரல் இருக்கும்வரை அவன் சொன்னது முழுக்கச் சரி. விரலுக்குரியவர் போய், செற் மட்டும் மிஞ்சிய வீட்டில், வழி தெரிந்தவர் யாருமில்லை. முகப்பில் எழுத்தை வைத்தவர்கள் அதை முன்பின் தெரியாத ஒருவருக்காகத்தான் வைத்தார்கள். இன்றைக்கு அந்த முன்பின் தெரியாத ஆள் நம் வீட்டுப் பேரப்பிள்ளைதான். பிலிப்ஸ் 1963இல் வெளியிட்ட கசெற்றை அந்தப் பிள்ளை கையில் எடுப்பதே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் புதிதாக்குகிறவன் ஆகிவிட மாட்டேன். பொத்தானில் பெருவிரல் உண்டாக்கிய மினுங்கும் பள்ளத்தை நான் அரத்தாள் போட்டு அழிப்பதில்லை. எழுத்து அதற்கு மேலே பட்டையில் இருக்கிறது, பள்ளம் கீழே அப்படியே இருக்கட்டும். வீட்டுக்காரர் வைத்த அடையாளங்களையும் தொடுவதில்லை. ராத்தாவின் செற்றில் டயலின் வெளிப்பக்கம், சிற்றலையில் 31 மீற்றருக்குக் கொஞ்சம் தள்ளி, நகப்பூச்சால் ஒரு சின்னப் புள்ளி இருந்தது. எங்கள் தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசையைத் தேடி ஊசியைத் தடவாமல் நேரே கொண்டுபோய் நிறுத்துவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு புள்ளியோ ஸ்ரிக்கர்த் துண்டோ பேனாக் கோடோ இருந்தது. 1941இல் தொடங்கிய தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு வானொலியில் நின்றுவிட்டது. அந்தப் புள்ளி இருக்கும் இடத்தில் இனி அந்தக் குரல் வராது. ஆனாலும் கம்பனி அடித்த எந்த எழுத்தையும்விட அந்தப் புள்ளிதான் அந்த வீட்டின் சொந்த எழுத்து. முகப்பைக் கழுவும்போது அதன்மேல் ரேப் ஒட்டிப் பாதுகாத்தேன்.

பொய் என்று நண்பன் சொன்ன சொல்லுக்கு மட்டும் நான் தனியாக ஒரு பதில் வைத்திருக்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டவர் தங்கும் இடங்களில் இந்தச் செற்றுகளை அழகுக்கு வாங்கி வைக்கிறார்கள். எழுத்துப் பளிச்சென்று இருந்தால் விலை கூடும். புதிதாக அடித்ததைப் பழசு என்று விற்றால் அது பொய்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே பற்றறி மூடியின் உட்பக்கத்தில், எந்த எழுத்து திருப்பி அடிக்கப்பட்டது, எந்த வருடம், என்ன மை என்று பென்சிலால் எழுதிவிடுகிறேன். அதை எழுதச் சம்மதிக்காதவரின் செற்றை நான் எடுப்பதில்லை. கம்பனிப் பெயரையும் தொடுவதில்லை. பெயர் அழிந்திருந்தாலும் செற் பாடும், யாருடைய குரலும் அதனால் அழியாது.

இதையெல்லாம் தொலைபேசியில் நண்பனிடம் சொன்னேன். ரெக் எழுத்துக்கு ஒத்துக்கொண்டான். பிளேக்கும் ரிவைண்டுக்கும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சிவப்பு ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டிருக்கலாம் என்கிறான். நான் மாட்டேன் என்கிறேன். எது பிளே என்று தெரியாத பிள்ளை எல்லாவற்றையும் ஒருமுறை அமத்திப் பார்க்கும். எங்கள் வாதம் இன்னும் முடியவில்லை.

இந்த மாரிக்கு மேசையில் இரண்டு சிற்றலைப் பட்டைகள் உள்ள டயல் ஒன்று கிடக்கிறது. மத்திய அலையும் எஃப்.எம்.மும் கணக்குக்கு வந்துவிட்டன, சிற்றலையின் 19 மீற்றருக்கு மேலே உள்ள பகுதி இன்னும் வெறுமை. உங்களிடம் அந்தக் காலத்து ஜப்பான் செற் எதுவாக இருந்தாலும், டயல் பழுதில்லாமல் இருந்தால், ஓர் அளவுகோலை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, நேர் எதிரே இருந்து படமெடுத்து வையுங்கள். கிட்டப் போய் எடுத்தால் ஓரங்கள் வளைந்துவிடும், அளவு பிழைக்கும். எனக்கு இல்லாவிட்டாலும் அதே செற்றை வைத்திருக்கிற இன்னொருவருக்கு அது வேண்டியிருக்கும்.